இரண்டே கோர், 4.5 கிகாஹெர்ட்ஸ்: பழைய பிளேஸ்டேஷனுக்காக நான் வாங்கிய மலிவு பிராசஸர்

நொடிக்கு 36 ஃப்ரேம். பழைய கன்சோலைக் கணினிக்குள்ளேயே நடிக்க வைக்கும் மென்பொருளான எமுலேட்டரின் ஜன்னல் தலைப்பில் அந்த எண்ணைப் பார்த்தபோது 2014 டிசம்பர், இரவு பதினொன்றரை மணி. விளையாட்டு 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்'. குதிரை ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முழங்கால் அளவு தண்ணீரில் ஓடுவது போல. குளம்புச் சத்தம் இழுத்துக்கொண்டு வந்தது, காற்றின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. என்னுடைய டிஸ்க் பிஏஎல் (PAL) டிவி முறைக்கானது, அதாவது நொடிக்கு 50 ஃப்ரேம் வந்தால்தான் அது சரியான வேகம். எனக்குக் கிடைத்தது அதில் 72 சதவீதம்.

கணினி விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இந்த இடம் முதலில் புரியாது. சாதாரண விளையாட்டில் 60-க்குப் பதில் 36 வந்தால் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான், கதாநாயகன் அதே வேகத்தில்தான் ஓடுவான். எமுலேட்டரில் அப்படி இல்லை. கன்சோலின் கடிகாரமே நம் பிராசஸருக்குள்தான் ஓடுகிறது, அது பின்தங்கினால் விளையாட்டின் காலமே நீண்டுவிடும், இசை உட்பட. அதனால் இங்கே "ஓரளவு ஓடுகிறது" என்ற ஒரு நிலை கிடையாது. 50 வர வேண்டிய இடத்தில் 47 வந்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.

என் பிளேஸ்டேஷன் 2-ஐ 2008-ல் வாங்கினேன். இரண்டு முறை லென்ஸ் மாற்றியும் 2014-ல் டிஸ்க் எதையும் படிக்க மறுத்துவிட்டது. டிஸ்க்குகள் முப்பது சொச்சம் அப்படியே பளபளவென்று இருந்தன. டிவிடி டிஸ்க்குகள் என்பதால் கணினியின் டிரைவிலேயே போட்டு ஐஎஸ்ஓ, அதாவது டிஸ்க்கின் முழு நகல் கோப்பு, எடுத்துக்கொண்டேன். கன்சோலைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருளான பயாஸ் கோப்பைத்தான் கொஞ்சம் மெனக்கெட்டு எடுக்க வேண்டியிருந்தது. லென்ஸ் செத்திருந்தாலும் மெமரி கார்டு வழியாகத் தொடங்க ஒரு வழி உண்டு, அதை வைத்து யுஎஸ்பி டிரைவில் இறக்கினேன். வலையிலிருந்து எவரோ ஏற்றிய பயாஸைத் தேடி ஓடாதீர்கள், உங்கள் மெஷினிலிருந்து எடுத்ததுதான் உங்களுடையது.

அப்புறம் கணினி. பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் 14,000 ரூபாய் இருந்தது. சென்னையில் மின்னணுப் பொருள் விற்கும் ரிச்சி தெருவுக்கு நண்பனோடு போனேன். அவன் வண்டியை நிறுத்தும்போதே முடிவு செய்துவிட்டான். "எஃப்எக்ஸ் வாங்குடா, எட்டு கோர். இன்டெல்ல இந்தக் காசுக்கு ரெண்டு கோர்தான் தருவான்." எஃப்எக்ஸ் என்பது இன்டெலின் போட்டியாளர் ஏஎம்டியின் பிராசஸர். கடைக்காரரும் அவன் பக்கம்தான். நான் பென்டியம் என்றதும், "தம்பி, பென்டியம்லாம் பில்லிங் மெஷினுக்குத்தான் வாங்குவாங்க, கேம்ஸுக்குன்னா வேற காட்டுறேன்" என்றார். இரண்டு பேருமே நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். வீடியோ எடிட் செய்யப் போகிறவனுக்கு அவர்கள் சொன்னதுதான் சரி. எமுலேட்டருக்குச் சரியில்லை. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2-ன் முதன்மை பிராசஸர் எமோஷன் எஞ்சின், அதன் வேகம் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ்தான். "அதை ஓட்ட 3,200 மெகாஹெர்ட்ஸ் போதாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் அது தனியாக இல்லை. அதோடு முப்பரிமாணக் கணக்குகளுக்கான இரண்டு வெக்டர் யூனிட்டுகள், 147 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கிராபிக்ஸ் சிந்தசைசர், உள்ளீடு வெளியீட்டைப் பார்த்துக்கொள்ள முதல் பிளேஸ்டேஷனின் பிராசஸரே ஒன்று, ஒலிக்குத் தனி. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்று முடிக்கும் கணத்தை நம்பி இன்னொன்று காத்திருக்கும். விளையாட்டை எழுதியவர்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதினார்கள். எமுலேட்டர் என்ன செய்கிறது என்றால், எமோஷன் எஞ்சினின் மிப்ஸ் கட்டளைகளைக் கொத்துக் கொத்தாக எடுத்து, நம் பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக ஓடும்போதே மொழிபெயர்த்து, கூடவே மற்ற சில்லுகள் எங்கே நிற்கின்றன என்று அடிக்கடி சரிபார்த்துக்கொண்டே போகிறது. ஒரு கட்டளைக்குப் பல கட்டளை செலவாகும். சூப்பர் நின்டெண்டோவின் பிராசஸர் வெறும் 3.58 மெகாஹெர்ட்ஸ், அதையே சுழற்சி பிசகாமல் அப்படியே நடிக்க வைக்க முயன்ற பிஸ்னெஸ் எமுலேட்டர் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் கேட்டது. துல்லியத்தின் விலை அது.

இந்த மொழிபெயர்ப்பு வேலையைப் பிராசஸருக்குள் தனித்தனியாக இயங்கும் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாதா? கொஞ்சம்தான் முடியும். பூக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நார் ஒன்றுதான், முடிச்சு போடுகிற கை ஒரு ஆளுடையதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பூவை இணை இணையாக எடுத்து வைக்க ஒருவர் இருந்தால் வேலை வேகமாகும், இரண்டாவது ஆள் இருந்தால் இன்னும் கொஞ்சம். மொத்தம் எட்டு பேர் உட்கார்ந்தால் ஐந்து பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். சரத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது முடிச்சு போடும் கையின் வேகம். நான் பயன்படுத்திய பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2-வில் எமோஷன் எஞ்சின் ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலைச் சரடு), கிராபிக்ஸ் ஒரு த்ரெட், வேண்டுமானால் இரண்டாவது வெக்டர் யூனிட்டைப் பிரித்து மூன்றாவது. நின்டெண்டோவின் கேம்கியூப், வீ கன்சோல்கள் இரண்டையும் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரிலும் இதே கதைதான்: பிராசஸருக்கு ஒன்று, கிராபிக்ஸுக்கு ஒன்று.

அப்படியானால் தேட வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம். எஃப்எக்ஸ்-8350-ல் எட்டு கோர், 4 கிகாஹெர்ட்ஸ், 125 வாட். ஆனால் இரண்டிரண்டு கோர்கள் சேர்ந்து ஒரு தசம கணக்குப் பகுதியைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது, அதோடு ஒரே கிகாஹெர்ட்ஸில் வைத்து ஒப்பிட்டால் இன்டெலின் அன்றைய தலைமுறையான ஹாஸ்வெல் கோர் அதை நன்றாகவே முந்தும். இன்டெல் பக்கம் போனால் அங்கே வேறு பூட்டு. அடிப்படைக் கடிகாரத்தை எத்தனை மடங்காக்கி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் மல்டிபிளையரை நாமே மாற்றும்படி திறந்துவிட்ட கே வகை பிராசஸர்களில் மலிவானதே 240 டாலர் சொச்சம். அந்தப் பூட்டில்லாமல் 2014-ல் ஒரே ஒரு மலிவு சில்லு வந்தது: பென்டியம் என்ற பெயருக்கு இருபது ஆண்டு ஆனதைக் கொண்டாட இன்டெல் வெளியிட்ட ஜி3258. விலை 72 டாலர். இரண்டு கோர், இரண்டு த்ரெட், 3.2 கிகாஹெர்ட்ஸ், 3 எம்பி கேஷ், 53 வாட். எனக்கு 4,900 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஒரு குறை உண்டு, அதைத் தெரிந்துதான் வாங்கினேன். ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளை இன்டெல் பென்டியத்தில் வைக்கவில்லை. அன்றைய பிசிஎஸ்எக்ஸ்2-வின் கிராபிக்ஸ் பிளக்இன் கட்டளை வகைக்கு ஒன்றாகப் பல கோப்புகளாக வரும், அதில் முந்தைய தலைமுறையான எஸ்எஸ்இ4.1 என்று போட்டிருப்பதைத்தான் நான் தேர்ந்தெடுக்க வேண்டும். வித்தியாசம் பெரிதில்லை. கிராபிக்ஸை மென்பொருள் முறையில் வரைய வைக்கும்போதுதான் அது உறைக்கும்.

மதர்போர்டு விஷயத்தில்தான் நிறைய பேர் தடுக்கி விழுந்தார்கள். இன்டெல் கணக்குப்படி ஓவர்க்ளாக் செய்ய, அதாவது பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இசட் வரிசை போர்டு வேண்டும், 9,000 ரூபாய்க்குக் குறைவாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஐயாயிரம் ரூபாய் பிராசஸருக்கு ஒன்பதாயிரம் ரூபாய் போர்டு வாங்குவதற்கு, பேசாமல் பூட்டிய ஐ5 வாங்கிவிடலாம். ஆனால் போர்டு தயாரிப்பாளர்கள் எச்81, பி85 போன்ற மலிவு போர்டுகளிலும் மல்டிபிளையரைத் திறந்துவிடும் பயாஸ்களை வெளியிட்டார்கள். நான் 3,900 ரூபாய்க்கு ஒரு எச்81 எடுத்தேன். கடையில் இருந்த டப்பாவில் பழைய பயாஸ், இந்த பிராசஸரைப் போட்டால் திரையே வராது. கடைப் பையன் தன் டெஸ்ட் மெஷினிலிருந்து ஒரு பழைய செலரானைக் கழற்றிப் போட்டு, பென்டிரைவில் புது பயாஸை ஏற்றி, மறுபடி என் பென்டியத்தை மாட்டிக் கொடுத்தான். முக்கால் மணி நேரம் ஆனது, ஒரு ரூபாய் கேட்கவில்லை. இன்றைக்கும் புதுத் தலைமுறை பிராசஸரைப் பழைய ஸ்டாக் போர்டோடு வாங்குகிறவர்கள் இந்த வேலையைக் கடையிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது, வீட்டுக்கு வந்த பிறகு செலரானுக்கு எங்கே போவது?

சரி, 36-க்கு வருவோம். முதலில் குற்றவாளி பிராசஸர்தானா என்று பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு நண்பன் கொடுத்த பழையது, அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். எமுலேட்டரில் உள் ரெசல்யூஷனை மூன்று மடங்கிலிருந்து கன்சோலின் அசல் அளவுக்கு இறக்கினேன். 36 அப்படியே நின்றது. ஜன்னல் தலைப்பில் எமோஷன் எஞ்சின் த்ரெட் 99 சதவீதம், கிராபிக்ஸ் த்ரெட் 50-ஐ ஒட்டி. முடிச்சு போடும் கைதான் திணறுகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, இதைச் செய்யாமல் கிராபிக்ஸ் கார்டு வாங்கி ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

இப்போது கணக்கு எளிது. 36-ஐ 50 ஆக்க வேண்டுமானால் 39 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். 3.2-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் 40.6 சதவீதம். அந்த 4.5-ஐ ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. இலக்கு என்ன என்று தெரியாமல் ஓவர்க்ளாக் செய்யத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது.

பெட்டியோடு வந்த சின்ன அலுமினிய கூலர் இதற்கு ஆகாது. 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த டவர் கூலர் ஒன்று 1,900 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். அதற்கு மேல் செலவு செய்வதில் பயன் குறைவு, ஏனென்றால் ஹாஸ்வெல்லில் சில்லுக்கும் மேல் மூடிக்கும் நடுவே ஈயப் பற்று கிடையாது, தெர்மல் பேஸ்ட்தான். சூடு அங்கேயே மாட்டிக்கொள்ளும், வெளியே எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும்.

பயாஸில் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், அதைத் தொடவே வேண்டாம். மல்டிபிளையர் 32 என்று இருக்கும், நாம் மாற்றப் போவது அதைத்தான். கேஷின் விகிதத்தை 32-லேயே விட்டேன், அதையும் சேர்த்து ஏற்றினால் நிலைதடுமாறும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. கோர் வோல்டேஜை ஆட்டோவில் விடவில்லை. என் போர்டு ஆட்டோவில் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுத்தது, கையாலேயே எண்ணைப் போட்டேன். 40 பெருக்கம் 1.10 வோல்ட்டில் சிக்கலே இல்லாமல் ஓடியது. 42-க்கு 1.15. 44-க்கு 1.22. 45-ல் முதலில் நீலத்திரை, 1.26-ல் விண்டோஸ் வந்தது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 46-க்கு 1.35 கேட்டது.

இங்கே நின்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிராசஸர் வெளியிடும் சூடு, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் கூடும். என் சில்லு சாதாரண வேகத்தில் 1.05 வோல்ட் எடுத்தது. 1.275 வோல்ட்டில் 4.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் சூடு இரண்டு மடங்குக்கும் சற்று மேல், அதற்கு எனக்குக் கிடைப்பது 40 சதவீத வேகம், வாங்கிக்கொள்ளலாம். அதுவே 45-லிருந்து 46-க்குப் போக 1.35 வோல்ட் கொடுத்தால் சூடு இன்னும் 15 சதவீதம் ஏறுகிறது, வேகம் ஏறுவதோ 2 சதவீதம். அந்த 2 சதவீதத்துக்காக நான் போக மாட்டேன். 4.7, 4.8 என்று படம் பிடித்துப் போடுகிறவர்கள் நிறைய இருந்தார்கள், அந்த மெஷினில் எத்தனை மணி நேரம் விளையாடினார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

சோதனை பற்றி. பிராசஸரை முழுச் சுமையில் வைத்துச் சோதிக்கும் பிரைம்95-ஐ இரவு முழுக்க ஓடவிட்டேன். ஏவிஎக்ஸ் இல்லாத சில்லு என்பதால் மற்ற ஹாஸ்வெல்களை அது வறுத்தெடுக்கும் அளவுக்கு இதை வறுக்காது, வெப்பம் 66-லேயே நின்றது. 4.5, 1.26 வோல்ட். காலையில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு ஒரே நிம்மதி. அன்று மாலை விளையாட உட்கார்ந்தேன், நாற்பது நிமிடம் அருமையாகப் போனது, முதல் ராட்சதனின் முதுகில் முடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது எமுலேட்டர் மட்டும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நீலத்திரை இல்லை, பிழைச் செய்தி இல்லை. எமுலேட்டரின் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன், இரண்டு மூன்று பதிப்பு மாற்றியும் பார்த்தேன். மூன்றாவது நாள்தான் பிழைப் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்கத் தோன்றியது. வியா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக, எண் 19, "திருத்தப்பட்ட வன்பொருள் பிழை". அதாவது பிராசஸர் தவறு செய்து, தானே கண்டுபிடித்து, தானே சரிசெய்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாத் தவறும் அதன் கண்ணில் படும் என்று சொல்ல முடியாதே, கண்ணில் படாத ஒன்றுதான் என்னை ராட்சதனின் முதுகிலிருந்து தள்ளிவிட்டிருக்க வேண்டும்.

பிரைம்95 ஒரே மாதிரியான கணக்கை ஒரே சீராகப் போடும். எமுலேட்டர் நொடிக்கு நொடி புதிது புதிதாகக் கட்டளைகளை எழுதி, எழுதியதை உடனே ஓட்டி, ஒரு கணம் முழு வேகம், மறுகணம் காத்திருப்பு என்று தாவிக்கொண்டே இருக்கும். சுமை ஏறி இறங்கும் அந்த விளிம்பில்தான் வோல்டேஜ் பற்றாமல் போகிறது. 1.26-ஐ 1.275 ஆக்கினேன். அவ்வளவுதான் மாற்றம். அதற்குப் பிறகு எண் 19 ஒரு முறைகூட வரவில்லை. அன்றிலிருந்து நான் செய்வது இதுதான்: பிரைம்95 ஒரு மணி நேரம், வெப்பத்தைப் பார்க்க மட்டும். மிச்சச் சோதனை எல்லாம் நான் விளையாடப் போகும் விளையாட்டே. ஆடி முடித்துவிட்டு ஈவென்ட் வியூவரை ஒரு முறை எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

50 வந்தது. சண்டையின் உச்சத்தில் 48, மற்ற எல்லா இடத்திலும் 50. குளம்புச் சத்தம் இழுக்கவில்லை. நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் பேசாமல் கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டு அடுத்த இரண்டு மணி நேரம் தரவில்லை.

எமுலேட்டருக்குள் இருக்கும் ஸ்பீட் ஹேக்குகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெக்டர் யூனிட்டின் சுழற்சியைத் திருடும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை ஏற்றினால் எண் சட்டென்று 50-க்கு வந்துவிடும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது பொய் எண். விளையாட்டு உள்ளுக்குள் ஃப்ரேம்களை விட்டுவிட்டு ஓடும், எண்ணில் 50, கண்ணில் 25. வெக்டர் யூனிட்டைத் தனி த்ரெட்டாகப் பிரிக்கும் அமைப்பு அப்படி ஏமாற்றுவதில்லை, உண்மையிலேயே நல்லது, ஆனால் அதற்கு மூன்றாவது கோர் வேண்டும். என்னிடம் இருந்த இரண்டில் அதைப் போட்டால் மூன்று த்ரெட்டும் அடித்துக்கொண்டு இன்னும் மெதுவானது.

ஏப்ரல் கடைசியில் பிரச்சினை வேறு திசையிலிருந்து வந்தது. வீடு அம்பத்தூரில் மேல்மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே. டிசம்பரில் 66-ல் நின்ற வெப்பம் மே மாதம் 77-க்கு வந்தது, பத்து மணி இரவிலும் அறைக்குள் 34 டிகிரி. ஓவர்க்ளாக் பற்றி நாம் படிப்பதெல்லாம் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியது. அவர்கள் கொடுக்கும் வோல்டேஜை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, பத்து பன்னிரண்டு டிகிரியை நாம் முன்னாலேயே செலவழித்துவிட்டோம். எனக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை 80. பயாஸில் இரண்டு ப்ரொஃபைல் சேமித்தேன்: மழைக்காலத்துக்கு 45, கோடைக்கு 44-ம் 1.22 வோல்ட்டும். கோடையில் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை வைப்பேன், தூசி வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், ஆனால் ஆறு டிகிரி குறைந்தது.

டால்ஃபினுக்கும் அந்தச் சில்லு சுகமாக இருந்தது. கேம்கியூபின் பிராசஸர் 486 மெகாஹெர்ட்ஸ், வீயில் 729. இரண்டு த்ரெட், இரண்டு கோர், அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. ரோக் ஸ்குவாட்ரன் மாதிரி சில முரட்டு விளையாட்டுகள் மட்டும் 4.5-லும் திணறும், அவை அன்று எந்தக் கணினியிலும் திணறின.

இரண்டு கோர் எங்கே கைவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எமுலேட்டர் இரண்டையும் முழுதாக எடுத்துக்கொள்ளும், பின்னணியில் ஆன்டிவைரஸ் கண் விழித்தால் போதும், இசை கரகரக்கும். விளையாட உட்காரும் முன் நெட் ஒயரைப் பிடுங்கிவிடுவேன். 2014 இறுதியில் வந்த சில பெரிய கணினி விளையாட்டுகள் நான்கு த்ரெட் இல்லாமல் தொடங்கவே மறுத்தன. 2017-ல் டால்ஃபின் ஊபர்ஷேடர்களைக் கொண்டுவந்தது. கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்களான ஷேடர்களைத் தொகுக்கும்போது வரும் திடீர்த் தடுக்கலை, எல்லா வேலையையும் செய்யும் ஒரு பெரிய ஷேடரை வைத்துப் போக்கும் அழகான வேலை அது, தனி ஷேடர்களைப் பின்னணியில் தொகுக்க ஓய்வாக ஒரு கோர் இருந்தால் இன்னும் நன்று. பிளேஸ்டேஷன் 3 பக்கம் என் சில்லு தலைவைத்தும் படுக்க முடியாது. அதன் செல் பிராசஸரில் முதன்மைக் கோர் போக விளையாட்டுக்கென்று ஆறு துணைக் கோர்கள், அதை ஓட்டும் எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3 நிஜமாகவே பல கோர்களைக் கேட்கும், ஏவிஎக்ஸ் இருந்தால் இன்னும் நன்று. பூக்கட்டும் உவமை அங்கே செல்லாது.

இப்போது யாராவது என்னிடம் மலிவாக ஒரு எமுலேஷன் மெஷின் கேட்டால், முதலில் எந்தக் கன்சோல் என்றுதான் கேட்பேன். பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், வீ வரைக்கும் என்றால் ஐ3-12100எஃப் போதும், நான்கு கோர், 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை தானே போகும். மல்டிபிளையர் பூட்டியதுதான், சாதாரண போர்டில் ஓவர்க்ளாக் செய்ய முடியாது, பரவாயில்லை, அதன் ஒரு கோர் என் 4.5 பென்டியத்தின் கோரை எளிதாக முந்திவிடும். பூட்டில்லை என்பதற்காக மட்டும் ஏஎம்டியின் அத்லான் 3000ஜி வாங்காதீர்கள். இரண்டு கோர், சின்ன கேஷ், எவ்வளவு ஏற்றினாலும் பூட்டிய ஐ3-யின் கிட்டே வராது. ஜி3258-ஐ நான் வாங்கியது அது திறந்திருந்தது என்பதற்காக இல்லை, திறந்தபின் அந்த விலைக்கு ஒற்றைக் கோர் வேகத்தில் அதை அடிக்க ஆள் இல்லை என்பதற்காக.

பிளேஸ்டேஷன் 3-ம் வேண்டும் என்றால் ரைசன் 5 5600, ஆறு கோர். நான் இப்போது வைத்திருப்பது அதுதான், 2023-ல் பழையதாக வாங்கினேன். ரேம் ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்கி, ரேமை அதன் குறித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் பயாஸில் போட மறக்காதீர்கள், நிறைய பேரின் 3200 ரேம் வருடக் கணக்கில் 2133-ல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓவர்க்ளாக் செய்யும் முறைதான் தலைகீழாக மாறிவிட்டது. பென்டியத்தில் செய்தது போல எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்தால், தனியாக ஓடும் ஒரு கோர் தானாகத் தொடக்கூடிய உச்சம் பறிபோய்விடும், எமுலேட்டருக்கு வேண்டியதே அந்த உச்சம்தான். அதனால் ஏஎம்டியின் தானியங்கி வேக அமைப்பான பிபிஓவில் உச்ச வேகத்துக்கு 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டிவிட்டு, கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் வோல்டேஜை இறக்கிப் பார்ப்பது நல்லது. இதிலும் அதே பொறி இருக்கிறது. எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது வேகம் இறங்கிவிடுவதால் பிரைம்95-ல் ஒன்றும் ஆகாது, ஒரு கோர் மட்டும் உச்சிக்கு ஏறும்போதுதான் கவிழும். எல்லாவற்றையும் மைனஸ் 30 போட்டேன், இரவு முழுக்கச் சோதனையில் நின்றது, விளையாட்டில் இருபதாவது நிமிடம் போனது. டாஸ்க் மேனேஜரில் எமுலேட்டரை ஒவ்வொரு கோராகக் கட்டிவைத்து ஒரு வாரம் ஆடிப் பார்த்ததில் மூன்றாவது கோர்தான் சிக்கல் என்று தெரிந்தது. அதற்கு மட்டும் மைனஸ் 12, மற்றதெல்லாம் மைனஸ் 25. ஒரு வருடத்துக்கு மேலாக அப்படியே ஓடுகிறது.

இந்த வேகத்தை வைத்து ஒன்று செய்தேன். ஷேடோ ஆஃப் தி கொலாசஸ் அசல் பிளேஸ்டேஷன் 2-லேயே தடுமாறும் விளையாட்டு, அந்தப் பெட்டியால் தாங்க முடியாததை அதன் மேல் ஏற்றியிருந்தார்கள். இப்போதைய பிசிஎஸ்எக்ஸ்2-வில் எமோஷன் எஞ்சினையே ஓவர்க்ளாக் செய்யலாம், 130, 180, 300 சதவீதம் என்று. கன்சோலுக்குள் இருக்கும் கன்சோலை ஏற்றுவது அது, நம் பிராசஸருக்குச் சுமை அதற்கேற்ப ஏறும், பென்டியத்தில் நினைத்தே பார்க்க முடியாது. 180 போட்டேன். அதே பழைய சேவ் கோப்பு, முதல் ராட்சதன். அவன் காலைத் தூக்கித் தரையில் அறைவான், புழுதி கிளம்பித் திரையை மூடும், 2008-லிருந்து சரியாக அந்த இடத்தில் படம் திக்கும், அதற்கேற்ப அரை நொடி பொறுத்துத்தான் என் விரல் பட்டனை அழுத்தும். இந்த முறை படம் திக்கவில்லை. விரல் பழக்கத்தில் காத்திருந்துவிட்டது, அதற்குள் அவன் அடுத்த அடியை எடுத்து வைத்துவிட்டான்.